வேப்பமரத்துக் கூடு

"குளவிதான் பச்சைமுத்து. சும்மா ஒரு குளவிக் கூடு. பத்து நிமிஷ வேலை, வந்துட்டுப் போயிடு."

போனை வைத்த பாண்டுரங்கனை மகள் இளவேனில் உற்றுப் பார்த்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. மறுநாள் காலை அவளுக்கு வளைகாப்பு.

"நைனா, அது கதண்டுன்னு நீ சொல்லவே இல்லியே?"

"சொன்னா எவன் வருவான்?"

வீட்டுப் பின்பக்கத்து வேப்பமரத்தில் ஒரு குடம் அளவுக்குத் தொங்கியது கூடு. கதண்டு சாதாரணக் குளவி மாதிரி இல்லை. கூட்டமாகக் கொட்டினால் ஆளையே சாய்த்துவிடும். செஞ்சி கடைவீதியில் உரக்கடை வைத்திருக்கும் பாண்டுரங்கனுக்கு அது தெரியாமல் இல்லை. காலையிலேயே தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருந்தார். நாளை சாயங்காலம் வருகிறோம், அதுவரை யாரும் கிட்டே போகக் கூடாது என்றார்கள்.

நாளை காலை அந்த மரத்தடியில்தான் பந்தல். நூறு பேருக்குச் சாப்பாடு.

"மண்டபத்துல வெச்சுக்கலாமே நைனா."

"பத்திரிகை குடுத்தாச்சும்மா. நீ டென்ஷன் ஆவாத. உள்ள போ."

பச்சைமுத்து சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்தத் தெருவில் தேங்காய் பறிக்க, கிளை வெட்ட, எல்லாவற்றுக்கும் அவர்தான்.

மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பொழுது சாஞ்சப்புறம் வெச்சுக்கலாமா மொதலாளி? அப்ப எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கிக் கெடக்கும்."

"ரெண்டு மணிக்குப் பந்தல்காரங்க வராங்கய்யா. முடியும், முடியாது, ஒண்ணு சொல்லு."

பச்சைமுத்து மறுபடி மேலே பார்த்தார்.

"சாக்கு இருந்தா குடுங்க. கொஞ்சம் டீசலு."

உடம்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொண்டார். நீளமான கழியின் நுனியில் துணியைச் சுற்றிப் பந்தம் செய்தார். அதற்குள் பாண்டுரங்கன் வீட்டுக்குள் போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டார்.

"மொதலாளி!" வெளியே இருந்து குரல் வந்தது. "அங்க ஒரு அம்மா பாத்திரம் வெளக்கினு இருக்காங்க பாருங்க. அவங்களையும் உள்ள கூப்ட்டுக்கங்க."

கிணற்றடியில் வேலைக்காரி சுந்தராம்பாள். வீட்டில் ஒருத்தருக்கும் அவள் ஞாபகமே வரவில்லை.

அவள் உள்ளே வந்து கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் பச்சைமுத்து மரத்தில் கால் வைத்தார்.

பந்தம் கூட்டைத் தொட்டது. பாதிக் கூடு எரிந்து கீழே விழுந்தது. மீதிப் பாதியிலிருந்து கதண்டுகள் கறுப்பாகக் கிளம்பின. பச்சைமுத்து கத்தவில்லை. சறுக்கிக்கொண்டே இறங்கி, நாலடி நடந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தார்.

பாண்டுரங்கன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓடினார். தெருவுக்கு இழுத்து வந்து, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். போய்ச் சேருவதற்குள் பச்சைமுத்துவின் முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிவிட்டது. மூச்சு இழுத்தது.

"கதண்டுங்க இது! இதுல யார் அவரை ஏறச் சொன்னது?" என்றார் டாக்டர்.

"குளவின்னுதான் சார் நாங்க நெனச்சோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது பாண்டுரங்கனுக்கே உறைத்தது.

பச்சைமுத்துவின் மனைவி வள்ளியம்மாள் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"நீங்க மட்டும் தூக்கினு வரலன்னா என் தாலி போயிருக்கும் மொதலாளி!"

காலில் விழப் போனவளைப் பார்த்துப் பாண்டுரங்கன் பின்னால் நகர்ந்தார்.

வளைகாப்பு வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. அன்று சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் வந்து மிச்சக் கூட்டை எரித்துவிட்டுப் போனார்கள். அதுவரை அப்பாவிடம் பேசாமல் இருந்த இளவேனில், கை நிறைய வளையலோடு வந்து எதிரில் நின்றாள்.

"அவர்கிட்ட எப்ப சொல்லப்போற நைனா?"

மூன்றாம் நாள் பச்சைமுத்துவுக்குப் பேச்சு வந்தது. வள்ளியம்மாள் டீ வாங்கப் போன நேரமாகப் பார்த்துப் பாண்டுரங்கன் கட்டிலருகே உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"பச்சைமுத்து... அது குளவி இல்லய்யா. கதண்டுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொன்னா நீ வர மாட்டியேன்னு..."

"தெரியும் மொதலாளி."

"இன்னா தெரியும்?"

"கதண்டுன்னு. மரத்தடில நின்னப்பவே தெரியும். எத்தினி மரம் ஏறியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

பாண்டுரங்கன் நிமிர்ந்தார்.

"தெரிஞ்சுமா ஏறின? முடியாதுன்னு சைக்கிள எடுத்துக்கினு போயிருக்கலாமேய்யா!"

பச்சைமுத்து வீங்கிய இமைகளைச் சிரமப்பட்டுத் திறந்தார். குரலில் கோபம் துளியும் இல்லை.

"நான் போயிருந்தா, நீங்க வேற ஒருத்தனுக்குப் போன் போட்டு அவன்கிட்டயும் குளவின்னுதான் சொல்லியிருப்பீங்க மொதலாளி. அவன் அதை நம்பி ஏறியிருப்பான்."