இடது லீவர்

“பிளேட் ஒட்டியிருந்தா நீ பொழைச்சே. தனித்தனியா கழண்டு வந்துச்சு, இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்” என்றார் பெரியவர்.

டிரைவர் ஷெட்டின் தூணில் சாய்ந்து, தலையைக் குனிந்தபடி நின்றான். இரண்டு வருடங்களாக அவன் சொல்லிவருவது ஒன்றே ஒன்றுதான். இடது லீவரை நெஞ்சு வரைக்கும் இழுத்தேன், வண்டி திரும்பவில்லை.

அந்தப் பழைய செயின் டிராக்டர் அன்று நேராகப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பெரியவரின் ஒரே மகனைக் கருங்கல் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அதற்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. இடது லீவரை இழுத்தால் இடப்பக்கக் கிளட்ச் விடுபட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும். உள்ளே பிளேட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் லீவர் வெறும் இரும்புக் கம்பி.

விபத்து என்று எழுதி போலீஸ் கேஸை முடித்துவிட்டது. பெரியவருக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. வண்டியை ஷெட்டில் ஏற்றிப் பூட்டியவர், டிரைவரின் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டார்.

“கழட்டிப் பாத்துடலாம் மாமா. என் புருஷன் எப்படிச் செத்தாருன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்ல” என்று ஒரு மாதமாக நச்சரித்து, மெக்கானிக்கை வரவழைத்ததே மருமகள்தான். இப்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

மெக்கானிக் சீட்டைக் கழற்றினார். டீசல் டேங்கை இறக்கினார். வலது மூடியின் போல்ட்டுகள் லேசில் மசியவில்லை. ஸ்பேனரில் பைப்பை மாட்டி, காலால் மிதித்துத்தான் திருப்ப வேண்டியிருந்தது. இடது மூடி பரவாயில்லை. விரலாலேயே சுழற்றி எடுத்துவிட்டார்.

“அவளைத் தவிர இந்த ஷெட்டுக்குள்ள யாரும் வர்றதில்ல. சாவி அவகிட்டதான். புருஷன் நெனப்பு வந்தா, இந்த வண்டி பக்கத்துல உக்காந்து அழுதுட்டு வருவா” என்று பெரியவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

மெக்கானிக் தலையாட்டிவிட்டு, வலது கிளட்ச்சைச் சங்கிலி போட்டுத் தூக்கித் தரையில் இறக்கினார். ஸ்பிரிங்குகளை அழுத்திப் பிடித்ததும் பிளேட்டுகள் சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

“அடுத்தது” என்றார் பெரியவர்.

இடது கிளட்ச் இறங்கியது. ஸ்பிரிங்கை அழுத்தியும் ஒரு பிளேட்கூட நகரவில்லை. மெக்கானிக் சுத்தியலால் தட்டினார். பிறகு ஓங்கி அடித்தார். செம்பழுப்பாகத் தூள் கொட்டியதே தவிர, மொத்தமும் ஒரே கட்டியாகக் கிடந்தது.

“இத யாரு இழுத்திருந்தாலும் வண்டி திரும்பியிருக்காதுங்கய்யா.”

பெரியவர் அந்தத் துருக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அப்புறம் தட்டுத்தடுமாறி நடந்து போய், டிரைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு வருஷம்பா. கொலைகாரன்னு உன்னை நான் திட்டாத நாளில்ல. இந்தக் கிழவனை மன்னிச்சுடு.”

டிரைவர் விம்மி விம்மி அழுதான். மருமகளும் அழுதாள்.

“ரெண்டு கிளட்ச்சையும் புதுசாப் பண்ணிடுங்க. இனிமே இந்த வண்டியை இவன்தான் ஓட்டுவான்” என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி பெரியவர் வீட்டுக்கு நடந்தார். பிளேட்டுகளை ஊறவைக்க மண்ணெண்ணெய் வாங்கப் போனான் டிரைவர். மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள் மருமகள்.

கிளட்ச் இருந்த அறையின் அடியில் கொஞ்சம் சேறு தேங்கியிருந்தது. அதை வடிப்பதற்காக மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அடிமூடியைத் திருகினார். பழுப்புத் தண்ணீர் சொட்டியது. ஒரு சொட்டு உதட்டில் விழுந்தது.

உப்பு கரித்தது.

விரலை விட்டு வழித்தார். சேற்றோடு வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்து வந்தது. கூரையில் ஒரு பொத்தல் இல்லை. வலது பக்கம் காய்ந்து கிடக்கிறது. இது தானாகப் பிடித்த துரு இல்லை. யாரோ வேலை மெனக்கெட்டுப் பிடிக்கவைத்த துரு.

அடப்பாவி! அப்படியானால் அன்றைக்குக் கிளட்ச் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இவன் லீவரைத் தொடவே இல்லை. கண் எதிரே ஒரு மனிதனை ஏற்றிக் கொன்றுவிட்டு, எப்படியோ உள்ளே புகுந்து வேலையைக் காட்டியிருக்கிறான். அந்தப் பெண்ணிடம் உடனே சொல்லியாக வேண்டும். பாவம், இவனுக்காகவும் அல்லவா அழுதாள்!

வெளியே நகர முழங்கையை ஊன்றினார். அப்போது ஷெட் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. மண்ணெண்ணெய் கேன் தரையில் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் டிரைவரின் பூட்ஸ். பூட்ஸை ஒட்டி இரண்டு வெறுங்கால்கள்.

“மெக்கானிக் எங்கே?” மருமகளின் குரல்.

“கை கழுவப் போயிருப்பாரு. எனக்கு உசுரே போயிடுச்சுடி. பேசாம கெடந்த வண்டியக் கழட்டச் சொல்லி எதுக்குடி அந்தக் கிழவன்கிட்ட அடம்புடிச்சே?”

அவள் சிரித்தாள்.

“பின்னே, வாளி வாளியா நான் ஊத்தின உப்புத்தண்ணி வீணாப் போறதா?”