காலருக்கு மேலே

நவம்பர் 14, வியாழன். ஒரு சிறு தவறு. பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

நாட்குறிப்பில் எழுதிவிட்டு 'சிறு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துத் திருத்தவில்லை.

விரலில் இன்னும் எண்ணெய் வாசம் இருந்தது.

*

ஈரச் சாந்தின் மேல் தீட்டினால் நிறம் உள்ளே இறங்கிச் சாந்தோடு இறுகிவிடும். காய்ந்தபின் தீட்டினால் மாவு போல மேலே நிற்கும். ஊதினால் போய்விடும்.

இத்தாலியில், சியெனாவில், சுவரோவிய மாலை வகுப்பில் சேர்ந்த முதல் நாளே ஆசிரியை லொரேன்சா இதைச் சொல்லியிருந்தார். முகத்தை முதலில் முடித்துவிடு என்றும் சொல்லியிருந்தார்.

அவள் சட்டையிலிருந்து தொடங்கினாள்.

முகம் என்றால் பயம். அதற்குள் கை பழகட்டும் என்று நினைத்தாள். பகலில் வேதியியல் படிக்கிறவள். எதையும் ஓரத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்கித்தான் அவளுக்குப் பழக்கம்.

சாந்து பூசிய பலகையில் நாற்காலி வந்தது. மடியில் கோத்த கைகள் வந்தன. நீலக் கோடு போட்ட சட்டை, அதன் பொத்தான்கள், காலர்.

காலரில் நின்றாள்.

முகம் அப்பாவுடையது.

மறுநாள் காலை மதுரையில் அவருக்கு அறுவை சிகிச்சை. புகையிலை அடக்கி அடக்கி இடது பக்கம் புற்று வந்துவிட்டது. பாதித் தாடையை எடுத்துவிடுவார்கள்.

"அதுக்கு முன்னாடி என் மூஞ்சிய ஒருக்கா வரைஞ்சு காட்டு பாப்பா," என்று போன வாரம் கேட்டார்.

போட்டோ இருக்கிறதே என்றாள்.

"போட்டோல எல்லாம் மொறைச்சுக்கிட்டு நிக்கிறேன்."

அதனால் இன்றைக்கு மருத்துவமனையிலிருந்தே வீடியோவில் வந்து உட்காருவதாக ஏற்பாடு. அழைப்பு வரக் கொஞ்சம் நேரம் இருந்தது.

அப்போதுதான் ஏலியோ எண்ணெயோடு வந்தார்.

ஏலியோ மருந்துக்கடைக்காரர். வகுப்பில் அவளுக்கு அடுத்த பலகை. சொந்த மரத்து ஆலிவ். அந்த வாரம்தான் ஆட்டியது. இருக்கிற விறகையெல்லாம் அடுப்பில் போட்டு ரொட்டியைச் சுட்டார்கள். பூண்டைத் தேய்த்து, உப்பைத் தூவி, பச்சைப் பசேலென்ற எண்ணெயை மேலே ஊற்றினார்கள்.

முதலில் புல் வாசம். விழுங்கும்போது தொண்டையில் மிளகுக் காரம்.

அவளுக்குப் புரையேறியது. எல்லோரும் சிரித்தார்கள்.

"மாஞ்ஜா, மாஞ்ஜா," என்று ஏலியோ அடுத்த துண்டை நீட்டினார். சாப்பிடு, சாப்பிடு என்று அம்மா விரட்டுகிற அதே விரட்டல்.

எங்கள் ஊரில் இது மருந்துக்கடையில் சின்ன டப்பாவில் கிடைக்கும், குழந்தைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டுவோம் என்றாள். அப்படியானால் நாளையே என் கடையில் அடுக்குகிறேன், நீதான் வந்து குளிப்பாட்ட வேண்டும் என்றார் ஏலியோ. யாரை என்று கேட்டாள்.

அறை முழுக்கச் சிரித்தது.

இந்த ஊர் மொழியில் அவள் பேசி ஒரு கூட்டம் சிரித்தது அதுதான் முதல்முறை. இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

போன் அடித்தது.

பலகையிடம் ஓடினாள். நல்ல வெளிச்சம் விழுகிறதென்று அடுப்போரமாகச் சாய்த்து வைத்த பலகை. காலருக்கு மேலே சாந்து வெளுத்திருந்தது.

தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இல்லை.

*

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அப்பா. சவரம் செய்திருந்தார். அவள் இங்கிருந்து அனுப்பிய அந்த நீலக் கோட்டுச் சட்டையைப் போட்டிருந்தார்.

"நர்ஸம்மா வந்து கழட்டச் சொல்றதுக்குள்ள முடிச்சிரு."

"பேசாதீங்க," என்றாள் போனைப் பிடித்திருந்த அம்மா. "வாய் கோணலா விழுந்துரும்."

அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அவள் தூரிகையை நெற்றியில் வைத்தாள். இழுபட்டது. தண்ணீர் தெளித்து மறுபடி வைத்தாள். நிறம் மேலேயே நின்றது. மெல்ல ஊதினாள்.

போய்விட்டது.

அப்பா ஆடாமல் இருந்தார். மூச்சைக்கூட அளந்து விட்டார்.

"அசையலாமா பாப்பா?"

"கொஞ்சம் இருங்கப்பா."

வெறும் தூரிகையை அசைத்துக்கொண்டே இருந்தாள். அவர் மூக்கை, இடது கன்னத்துக் குழியை, தாடையைக் காற்றில் வரைந்தாள். இவ்வளவு நேரம் அவர் முகத்தை அவள் எப்போதுமே பார்த்ததில்லை.

பின்னால் ரொட்டி மேசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுதா? காட்டு."

"காயட்டும்ப்பா. நாளைக்குக் காட்டுறேன்."

"நாளைக்கு எனக்குப் பேச வராதாம்ல. நல்லாருக்குன்னு எப்பிடிச் சொல்ல?"

அவள் போனைத் திருப்பினாள்.

நாற்காலி. கைகள். சட்டை. மேலே வெள்ளை.

"மூஞ்சி எங்கடி?" என்றாள் அம்மா.

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பத் துணியவில்லை.

"சட்டை அப்படியே இருக்கு," என்றது அப்பாவின் குரல். "ஒரு பொத்தான்கூட விடல."

பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"மூஞ்சிக்கு என்ன இப்ப அவசரம். புதுசு வந்தப்புறம் போடட்டும்."

யாரோ உள்ளே வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அழைப்பு நின்றது.

*

நாளை: காலையில் எழுந்ததும் அம்மாவுக்குப் போன். மாலையில், காலருக்கு மேல் காய்ந்திருப்பதைச் சட்டை கெடாமல் வெட்டி எடுக்க வேண்டும். புதுச் சாந்து குழைக்க வேண்டும். முகத்தளவுக்கு மட்டும்.