ராஜப்பாவின் ரத்தம்

"முட்டியிலருந்து எடுத்து லேப்ல வளர்த்தோமே, அந்தச் செல் எல்லாம் சுத்தமா இருக்கு, ராஜப்பா. அதுல ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர் ஹரோல்ட். நல்ல சேதி சொல்கிறவரின் முகமாக அது இல்லை.

ராஜப்பா முகத்தைப் பார்க்கவில்லை. 'சுத்தம்' என்ற சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. தங்கச் சுரங்கத்தில் கல் விழுந்து முட்டியின் குருத்தெலும்பு பெயர்ந்த நாளிலிருந்து அவர் நொண்டியபடியேதான் வேலைக்கு இறங்குகிறார். அந்தச் சுரங்கத்தையும் இழுத்து மூடப் போகிறார்கள். பெங்களூரில் வாட்ச்மேன் வேலை பார்ப்பதென்றாலும் நிற்கக் கால் வேண்டாமா?

"அப்போ எப்ப டாக்டர் உள்ள வெக்கறீங்க?"

இப்போது வைக்க முடியாது என்றார் ஹரோல்ட். ஆய்வகத்தில் செல்லைப் பெருக்கும்போது சில சமயம் அதன் மரபணு கெட்டுவிடும், கெட்டதைத் திரும்ப உடம்பில் வைத்தால் புற்றாகக்கூட வளரலாம் என்று அவர் முன்பே விளக்கியிருந்தார். அதனால் வளர்த்த செல்லின் குரோமோசோம்களை ரத்தத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டு, உடைசல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது வழக்கம். அதற்காகப் போன மாதம் ஆய்வகத்து ஆள் ராஜப்பாவின் ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக்குக்கு வந்து, சீட்டில் பேரைப் பார்த்து, ரத்தம் எடுத்துப் போயிருந்தான். எல்லோரும் பயந்தது செல்லை நினைத்து. கெட்டிருந்தது ரத்தம்.

"ரத்தப் புற்றுநோய். ஆரம்பம்தான். வெளியில ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் அசதியா இருக்கும்."

ராஜப்பாவின் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. ரத்தம் மாறிப் போயிருக்குமா, வேறு யாருடையதாவது இருக்குமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஹரோல்டுக்கு இது பழகிப்போன கேள்வி. குழாயில் ராஜப்பா பேர்தான் ஒட்டியிருக்கிறது, திரும்பவும் சோதித்தாயிற்று என்றார். மாத்திரை கொடுத்துச் சில வருஷம் தள்ளிப் போடலாம். முழுசாகக் குணமாக்கும் சிகிச்சை இருக்கிறது, ஆனால் அது சுரங்கத் தொழிலாளிக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை.

முட்டியைப் பற்றி ராஜப்பா அப்புறம் கேட்கவே இல்லை.

பாதி திறந்திருந்த கதவு வழியே வராந்தா பெஞ்சு தெரிந்தது. மகன் பிரேம் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தினமும் விடியுமுன்னே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். போய் வந்து ஆளே பாதியாகியிருந்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். பூதிகோட்டைப் பெண். மனைவி தாயம்மா காலையிலேயே பத்திரிகைக் கட்டோடு பங்காருபேட்டைக்குப் போயிருந்தாள்.

ராஜப்பாவின் கண் அந்தப் பெஞ்சை விட்டு நகரவில்லை. ஹரோல்டுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"தைரியமா இருங்க. கஷ்டப்பட்டு ஒரு புள்ளைய ஆளாக்கிட்டீங்க, அவன் கல்யாணத்தையும் பாத்துடுவீங்க. உங்களுக்குப் பின்னால குடும்பத்தத் தாங்க அவன் இருக்கான். அந்த நிம்மதி எத்தனை பேருக்குக் கெடைக்கும்?"

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. மகன் விழித்துவிடுவானோ என்று ராஜப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆறுதல் சொல்லத் தெரியாமல் ஹரோல்ட் தண்ணீர் டம்ளரை நீட்டினார். ராஜப்பா அதை வாங்கவில்லை.

"ரத்தம் எடுக்க வந்த அன்னிக்கு எனுக்கு ஷிப்டு, டாக்டர். மைன் மூடற நேரத்துல மட்டம் போட பயம். எங்க மைன்ல ஒருத்தன் வரலன்னா அவன் டோக்கன்ல இன்னொருத்தன் எறங்குவான். அதே பழக்கத்துல சீட்ட குடுத்து அனுப்பிட்டேன். என் பேரச் சொல்லி ரத்தம் குடுத்தவன், அதோ, வெளியில தூங்கிக்கினு கீறான்."