கை நனைக்கும் விருந்து

சம்பந்தம் பேசி முடித்து, மாப்பிள்ளை வீட்டார் முதன்முதலாகக் கை நனைக்க வரும் நாள்.

"ஒரு பாட்டில்கூட கண்ணுல படக்கூடாது. சம்பந்திக்குக் கடலூர்ல மதுவிலக்குப் போலீஸ் வேலை. பார்த்தா சாப்பிடாமலே எழுந்து போயிடுவாரு" என்றாள் சுலோசனா.

"புதுச்சேரியில பாட்டில் இல்லாம விருந்தா? ஊரே சிரிக்கும்!" என்று முனகினார் அவள் கணவர் வடிவேல். முனகிக்கொண்டே வீட்டில் இருந்த பாட்டில் அத்தனையையும் பக்கத்து வீட்டுப் பலராமனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சம்பந்தி அரிகிருஷ்ணன் வந்தார். கொடுத்த மோரை மரியாதையாகக் குடித்தார். சுலோசனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இலை போடும்போது பார்த்தால், கூடத்தில் வடிவேலைத் தவிர ஆம்பளை ஒருத்தரையும் காணோம்.

"காத்தாடப் போறேன்னு ஒவ்வொருத்தரா எழுந்து போனாங்க" என்றார் அவர்.

பக்கத்து வீட்டில் ஒரே சிரிப்புச் சத்தம். சுலோசனா போய் எட்டிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில் அரிகிருஷ்ணன், கையில் கிளாஸோடு.

அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. புதுச்சேரியில இருந்துகிட்டு வீட்ல ஒரு சொட்டு வச்சுக்காத மனுஷர். தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டேன்னுடுவாரு!"