நடுவாந்தரக் குழு

“ஏனுங்க, ‘பாக்கலாமுங்க’ன்னு எழுதுனவங்களையும் கூட்டத்துக்கு வர்றவங்க கணக்குல சேத்திப்போட்டீங்களா?”

மனைவி வெங்கடம்மாள் இப்படிக் கேட்டதும் ரங்கராஜின் கை சோற்றுத் தட்டிலேயே நின்றது.

“ஆமா. ஏன்?”

“நம்மூர்ல ‘பாக்கலாமுங்க’ன்னா வரமாட்டேன்னு அர்த்தமுங்க.”

“அது வாயில சொன்னா. ஈமெயில்ல எழுதுனா அப்புடியில்ல புள்ளே.”

ரங்கராஜ் பீளமேட்டில் மோட்டார் பம்ப் பட்டறை வைத்திருக்கிறார். தொண்ணூற்றொன்பதாம் வருஷத் தேர்தல் நெருங்க நெருங்க, ஏரியாவில் அவருக்கு நிம்மதி போயிற்று. ஒரு கட்சிக்குச் செயலாளர் காளிச்சாமி, எதிர்க்கட்சிக்கு நஞ்சுண்டன். இவர் கொடிக்கம்பம் சாய்ந்தால் திங்கட்கிழமை கடையடைப்பு. அவர் போஸ்டர் கிழிந்தால் வியாழக்கிழமை. இப்படியே போனால் பட்டறையை இழுத்து மூடிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பட்டறைக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வந்ததும் ரங்கராஜ் ஒரு காரியம் செய்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் ஈமெயில் அனுப்பினார். எந்தக் கட்சியையும் திட்ட வேண்டாம், கடையைத் திறக்க விடுங்கள் என்று மட்டும் சேர்ந்து கேட்போம் என்றார். நடுவாந்தரக் குழு என்று பெயர் வைத்து வெப்சைட்டும் போட்டார். ‘நல்ல காரியமுங்க’ என்று பதில்கள் வந்து குவிந்தன.

போன மாதம் மைதானத்தில் கூட்டம் என்று ஈமெயில் போட்டபோது வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் கடலை வண்டிக்காரர். நடுவாந்தரக்காரர்களின் தொல்லையே இதுதான். கோபமே வராத மனுஷன் வெயிலில் எதற்காகக் கிளம்புவான்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அதே மைதானத்தில் மறுபடி கூட்டம். இதை விட்டால் வேறு வழி இல்லை. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு, சென்னைப் பத்திரிகையிலிருந்து யாஸ்மின் என்ற நிருபர் வருவதாகச் சொல்லியிருந்தாள். “கூட்டம் இருந்தா பெருசா போடறேன் சார். இல்லேன்னா மறுபடி எடிட்டர்கிட்ட நான் வாயத் தொறக்க முடியாது” என்றும் சொல்லிவிட்டாள்.

“காளிச்சாமி அண்ணனுக்கும் நஞ்சுண்டண்ணனுக்கும் சொல்லிப்போட்டீங்களா?” என்றாள் வெங்கடம்மாள்.

“அவங்ககிட்ட ஏது கம்ப்யூட்டரு? கட்சித் தலைமை ஆபீஸுக்கு ஈமெயில் போட்டிருக்கேன். அவங்க சொல்லிக்குவாங்க.”

வெங்கடம்மாள் ரசத்தை ஊற்றினாள். “மத்தவங்க யாரு யாருங்க?”

மனைவி இதில் அக்கறை காட்டியதே ரங்கராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. மதுக்கரை வாத்தியார், சூலூர் டாக்டர், ஒண்டிப்புதூர் மில் மேஸ்திரி என்று சொல்லிக்கொண்டே போனார்.

“இத்தன பேருக்கும் வெறும் மெயிலுதானுங்களா?”

“பின்னே? வெத்தலை பாக்கு வெச்சா அழைப்பாங்க? இது கம்ப்யூட்டர் காலம்.”

“சரிங்க. நாளைக்கு நான் எங்கக்கா ஊட்டுக்குப் போயிட்டு வாரேன். அவளுக்கு முட்டி வலி.”

அந்த வாரம் முழுக்க அக்காவின் முட்டி வலி தீரவே இல்லை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். ரங்கராஜ் பழைய சோற்றையும் மோரையும் தின்று சலித்துப் போனார்.

“ஊரே நாறிக் கெடக்குது, உனக்கு உங்கக்கா முட்டிதான் பெருசு.”

“ஆமாங்க” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மைதானத்தில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. யாஸ்மின் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ரங்கராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மானம் போனதே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, மதுக்கரை வாத்தியார் சலவை வேட்டியில், பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கினார். பின்னாலேயே டாக்டர் குடும்பம். அப்புறம் மேஸ்திரி. பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு மைதானம் கல்யாண வீடு மாதிரி நிறைந்துவிட்டது.

கடைசியாக இந்தப் பக்கமிருந்து காளிச்சாமி வந்தார், அந்தப் பக்கமிருந்து நஞ்சுண்டன். கூட்டம் விலகி வழிவிட்டது. காலியாக இருந்தவை பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள்தான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார். “இனி அடைப்புன்னா ஞாயித்துக்கிழமையில வெச்சுக்கலாமுங்களா? அன்னிக்குப் பட்டறையெல்லாம் எப்புடியும் லீவுதானுங்க.”

“அதுவும் நல்ல ரோசனைதானுங்க” என்றார் காளிச்சாமி.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. யாஸ்மின் இருவரையும் சேர்த்துப் படமெடுத்தாள்.

“சார், இன்டர்நெட்டுக்கு இவ்வளவு சக்தியா? இதுதான் என்னோட தலைப்பு” என்றாள். ரங்கராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் காளிச்சாமியிடம் திரும்பினாள். “ஈமெயிலைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோணுச்சு?”

“அந்தக் கருமமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க. இவரூட்டு அம்மணி வேகாத வெயில்ல வந்து, வெத்தலை பாக்கு வெச்சு, குடும்பத்தோட வரோணும்னு கூப்புட்டுது. நேர்ல வந்து கூப்புட்டா, எதிரி ஊடா இருந்தாலும் போகாம இருக்க முடியுங்களா?”

“எனக்கும் அப்புடித்தானுங்க” என்றார் நஞ்சுண்டன். மதுக்கரை வாத்தியாரும் தலையாட்டினார்.

ரங்கராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தார். கடலை வண்டிக்குப் பக்கத்தில், தேய்ந்த செருப்போடு வெங்கடம்மாள் நின்றிருந்தாள். 

“ஊரையே கூட்டிப்போட்டு, நீ ஏன் புள்ளே உள்ள வராம ஓரமா நிக்கறே?”

“என்னைய மட்டும் யாருமே கூப்புடலீங்களே” என்றாள் வெங்கடம்மாள்.