நின்றபடி ஒரு வணக்கம்

பிரசவ விடுப்பு முடிந்து செய்தி வாசிக்கத் திரும்பியிருந்தாள் எழிலரசி. நேரலைக்கு இரண்டு நிமிடம் இருக்கையில், தயாரிப்பாளர் சுந்தரவதனன் மேசைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டார்.

“நீங்க உட்கார்ந்தே வாசிங்க மேடம். வெயிட் குறையிற வரைக்கும் முகத்தை மட்டும் காட்டிக்கலாம்.”

“ஞானதுரை சாரும் உட்காருவாரா?” என்றாள் எழிலரசி.

உடன் வாசிக்கும் ஞானதுரை, மூச்சைப் பிடித்தும் மாட்டாத கோட்டுப் பொத்தானை விட்டுவிட்டுத் தாளைப் புரட்டினார்.

“அவரு எப்பவும்போல நிப்பாரு. அவருக்கென்ன?”

எழிலரசி நாற்காலியில் உட்கார்ந்தாள். காதுக்கருவியில் நேரலைக்கான இறங்கு எண்ணிக்கை தொடங்கியது. மூன்று என்றபோது அவள் எழுந்து மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மேடம், உட்காருங்க!” என்று காதுக்குள் கத்தினார் சுந்தரவதனன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம்” என்றாள். கேமராக்காரர் ஒருகணம் தயங்கிவிட்டு, அவள் முழுதாகத் தெரியும்வரை கேமராவைப் பின்னுக்கு நகர்த்தினார்.