மைதானத்தில் ஒரு வாழையிலை

மாவீரர் நாள் மாலை ஆறு ஐந்துக்கு, போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் நேரத்தில், பூரணம் இராணுவ முகாமின் கம்பிவேலிக்குள் குனிந்து நுழைந்தாள். போரில் இறந்த பிள்ளைகளின் கல்லறைகளை இடித்துச் சமப்படுத்திய நிலம் அது. இப்போது சிப்பாய்கள் அங்கே கரப்பந்து விளையாடுகிறார்கள். வலைக்கம்பத்தின் அடியில்தான் அவளுடைய மகன் நிமலன் கிடக்கிறான். பத்தொன்பது வயதில் களத்தில் விழுந்தவன். அந்த இடத்தில் உட்கார்ந்து, சாப்பிடுகிறவனின் இடக்கைப் பக்கம் நுனி வரும்படி வாழையிலையை விரித்தாள்.

காவலுக்கு நின்ற பொலிஸ்காரன் துப்பாக்கியோடு ஓடிவந்தான்.

"அம்மா, இண்டைக்கு இங்க விளக்குக் கொளுத்தினா உங்களைப் பிடிக்கச் சொல்லி ஓடர்."

"விளக்கு எங்க கிடக்கு? சோறுதானே கொண்டந்தனான். சோத்துக்கும் தடையோ?"

அவன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். விளக்கு இல்லை. திரியும் இல்லை. அவள் சோற்றைக் குவித்து, நிமலன் கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் கணவாய்க் கறியை அதன் மேல் ஊற்றினாள்.

"அதிகாரி வாறதுக்குள்ள எழும்புங்கோ அம்மா. இங்க ஒருத்தரும் இல்லை."

பூரணம் இன்னும் ஓர் அகப்பை கறி விட்டாள்.

"ஒருத்தரும் இல்லாத இடத்தில, துவக்கையும் பிடிச்சுக்கொண்டு ஆருக்குத் தம்பி காவல் நிக்கிறாய்?"